மூணாம் நம்பர் வாளி

சாம்பல் குறைவாக இருந்தது. ஓவிட் டெரியோவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அடுப்பின் அடித்தட்டை உருவி, அதிலிருந்ததைப் பிரஷ்ஷால் ஓரமாகக் கூட்டித் தராசில் கொட்டினார். மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாடி வந்தால் இறைச்சி நிறுக்க அவர் வைத்திருக்கிற தராசு அது. முள் கொஞ்சம் ஆடி நின்றது. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார். அதே எடைதான். முதல் வாளி எரிந்தபோது விழுந்த சாம்பலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான்.

"சாம்பலைப் பார்த்து ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?" என்றான் கான்ராட் ஒலெட். கிளப்பின் தலைவன். அடுப்புக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "செத்தவன் சாம்பலா அது?"

"கம்மியா இருக்கு."

"கம்மியா இருந்தா நல்லதுதானே? அள்ளிக் கொட்டற வேலை மிச்சம்."

"அதான்டா. நல்லதா இருக்கு."

கான்ராட் சிரித்தான். ஓவிட் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்று இருக்கிற அந்த ஊரில், பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டிக்காரர்களின் கிளப்புக்கு அக்டோபர் மாதத்தில் வேறு வேலை கிடையாது. பனி விழ இன்னும் நாளிருக்கும். அதனால் பெல்லட் எரித்துப் பார்ப்பார்கள். மரத்தூளை அழுத்தி, சின்ன விரல் நுனி அளவுக்குக் குச்சி குச்சியாகச் செய்தது பெல்லட். ஊரில் பாதி வீடுகளுக்குக் குளிர்காலம் முழுவதும் அதுதான் சூடு. அங்கத்தினர் எல்லாருக்கும் சேர்த்து கிளப் மொத்தமாக வாங்கும். எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்பதை அடுப்பு முடிவு செய்யும்.

அதற்கு ஒரு முறை இருந்தது. பொருளாளர் ரீட்டா மிஷோ ஒவ்வொரு கம்பெனியின் மூட்டையையும் கடையில் போய்த் தானே வாங்குவாள். தன் அண்ணன் கொட்டகையில் வைத்துப் பிரித்து, ஒரே மாதிரி வெள்ளை வாளிகளில் கொட்டி, நம்பர் மட்டும் எழுதிக் கொண்டுவந்து வைப்பாள். எது எந்தக் கம்பெனி என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஓவிட் எரிப்பார். ஒரே அடுப்பு, ஒரே வேகம், காற்று வருகிற வாயில் ஒரே வெப்பமானி. ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் நடுவில் அடுப்பை முழுக்கச் சுத்தம் செய்வார். எவ்வளவு சூடு, எவ்வளவு சாம்பல், கண்ணாடியில் எவ்வளவு கரி, தூள் எவ்வளவு என்று பார்த்து, கடைசியில் சனிக்கிழமைக் கூட்டத்தில் சொல்வார். இத்தனை வருஷத்தில் ஓவிட் சொன்னதை ஊர் மறுத்துப் பேசியதில்லை.

அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு பலகை. 'கெட்டி மரம் மட்டும்.' ஓவிட் தன் கையால் பெயின்ட் அடித்து எழுதியது. மேப்பிள், பீச், மஞ்சள் பிர்ச். ஊசியிலை மரம் எதுவும் கூடாது. விறகு எரித்த காலத்திலிருந்தே ஊரின் சட்டம் அது. ஓவிட்டின் சித்தப்பா ஆல்சிட் ஒரு குளிர்காலம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கட்டையைப் போட்டு எரித்தார். புகைக்குழாய்க்குள் கீல் படிந்து, அது தீப்பிடித்து, வீடே போயிற்று. ஆல்சிட் உள்பாவாடை மாதிரி ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு பனியில் நின்றதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஸ்ப்ரூஸை வீட்டுக்குள் கொண்டு வந்தவன் இல்லை.

இப்போது மூணாம் நம்பர் வாளி. சூட்டில் அதுதான் முதல். கண்ணாடி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாம்பல் குறைவு. மேப்பிளும் பீச்சும் இவ்வளவு குறைவாகச் சாம்பல் விடுமா? விடாது என்று ஓவிட்டுக்குத் தெரியும்.

வாளியின் அடியில் மிச்சமிருந்ததை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். மரத்தூள் வாசம். அதற்குப் பின்னால் மெல்லிசாக வேறொன்று, கிறிஸ்துமஸ் சமயத்தில் மரம் கொண்டுவந்து நிறுத்தினால் கூடத்தில் அடிக்குமே, அது மாதிரி. அடித்ததா, அவராக நினைத்துக்கொண்டாரா?

"ரீட்டா," என்றார், காபி போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்து. "இந்த மூணாம் நம்பர்..."

"வாயை மூடு ஓவிட்."

"கேக்கவே இல்லையே இன்னும்."

"கேக்கப் போற மூஞ்சி தெரியாதா எனக்கு? சனிக்கிழமை வரைக்கும் போப்பாண்டவர் வந்து கேட்டாலும் கிடையாது."

ஓவிட் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. எந்தக் கம்பெனி என்று அவர் ஏற்கெனவே ஊகித்துவிட்டார். 

*

ஊரில் புதிதாக பெல்லட் செய்ய ஆரம்பித்திருந்தவன் கர்ட்டிஸ் பிங்கம். ஓவிட்டின் மருமகன்.

தெற்கே கடற்கரைப் பக்கத்து ஆள். அவர் மகள் நத்தாலியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தான். ஊர்க்காரர்களின் வீட்டுப்பேச்சான பிரெஞ்சு அவனுக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் பிரெஞ்சில் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். புரியாததற்குத் தலையாட்டுகிறவனை எப்படி நம்புவது என்று ஓவிட் முதல் நாளே நினைத்தார். இன்றுவரை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது நத்தாலி வந்திருந்தாள். அவள் வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். மனைவி பெர்னடெட் அடுப்பில் ப்ளோய் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மட்டும் வேகிற கோதுமை நிறத் தோசை. நத்தாலி ஒன்றை எடுத்து வெண்ணெய் தடவிச் சுருட்டினாள்.

"பப்பா, எரிச்சுப் பாத்தாச்சா?"

"ஆச்சு."

"எப்படி?"

"எரிஞ்சுது."

"எரியாம என்ன செய்யும்? எது நல்லா எரிஞ்சுதுன்னு கேக்கறேன்."

"யார் கேக்கச் சொன்னா?"

பெர்னடெட் கரண்டியோடு திரும்பினாள். "ஏன், உன் மக வாயைத் தொறந்தா பின்னாடி ஒருத்தன் நின்னு சொல்லிக் குடுக்கணுமா?"

நத்தாலி ப்ளோயைத் தட்டில் வைத்தாள். "ரிச்சர்ட் போன் பண்ணினான். அவன் ஃபேக்டரியில ஒரு இடம் காலியாம். கர்ட்டிஸுக்கு வேணுமான்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம்."

ரிச்சர்ட் ஓவிட்டின் மூத்த மகன். தொலைவில், கனெக்டிகட் மாநிலத்தில் இருந்தான். இரண்டாமவன் ஜில்லும் அவன் பின்னாலேயே போய்விட்டான். இந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் கனெக்டிகட்டுக்காகத்தான் பெற்றார்கள் என்று கான்ராட் சொல்வான். நத்தாலி ஒருத்திதான் மிச்சம்.

"அதுக்கு?" என்றார் ஓவிட்.

"கிளப் ஆர்டர் வந்தா இருப்போம். வரலைன்னா போவோம். மிரட்டறதுக்குச் சொல்லல பப்பா. தெரிஞ்சிருக்கட்டும்னு சொல்றேன்."

மிரட்டுவதற்குச் சொல்லவில்லை என்று ஒருத்தி சொன்னால் அது என்னவென்று ஓவிட்டுக்குத் தெரியாதா? கர்ட்டிஸ்தான் அனுப்பியிருக்கிறான். அல்லது அவன் அனுப்பாமலேயே இவள் வந்திருக்கிறாள். எது மோசம் என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. மகள் போவது அதைவிட மோசம். அதில் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை.

*

மறுநாள் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் கர்ட்டிஸின் மூட்டை ஒன்றை வாங்கினார். உள்ளூர்க் கடையில் வாங்கினால் மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மூட்டையில் பெரிய எழுத்து, '100% கெட்டி மரம்'. ஒரு மேப்பிள் இலைப் படம் வேறு.

வீட்டு அடுப்பைக் கழுவி விட்ட மாதிரி சுத்தம் செய்தார். மூட்டையிலிருந்து ஒரு வாளி அளவு அடுப்பின் தொட்டியில் கொட்டி எரியவிட்டார். ரீட்டாவை வளைத்து கிளப் வாளிக்கு மட்டும் நல்ல சரக்கைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வேறு சரக்கை விற்கிறானோ என்று ஒரு எண்ணம். அப்படியிருந்தால் காரியம் சுலபம். திருடன் என்று சொல்லிவிடலாம்.

சுவாலை கண்ணாடிக்குப் பின்னால் குட்டையாக, மஞ்சளாக, சீராக நின்றது. கூடம் சூடாகி, பெர்னடெட் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். முடிந்ததும் ஓவிட் சாம்பலை நிறுத்தார். மூணாம் நம்பர் வாளியின் எடைதான். அதற்குக் கீழுமில்லை, மேலுமில்லை.

ஆக, மூணாம் நம்பர் கர்ட்டிஸ்தான். சரக்கு மாற்றவில்லை. ரீட்டாவையும் யாரும் வளைக்கவில்லை.

ஆனாலும் விட மனமில்லை. வெளியே போய்ப் புகைக்குழாயைக் கழற்றினார். நீளப் பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுத்தார். ஸ்ப்ரூஸ் இருந்தால் கீல் வரவேண்டும். கறுப்பாக, பிசுபிசுவென்று. ஆல்சிட் வீட்டை எரித்தது வரவேண்டும். வந்தது சாம்பல் நிறத் தூசி. ஊதினால் பறந்தது. இன்னொரு தரம் விட்டு இழுத்தார். இன்னும் கொஞ்சம் தூசி.

பெர்னடெட் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடற?"

"கீல்."

"இல்லையா?"

"இல்ல."

"அப்ப சந்தோஷப்படு. ஏன் எதையோ தொலைச்சவன் மாதிரி நிக்கற?" அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு என்னதான் வேணும் ஓவிட்? சூடா, குத்தமா?"

அவர் குழாயைத் திரும்ப மாட்டினார்.

*

கர்ட்டிஸின் ஆலை ஒரு பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு. பாதி மண்ணுக்குள் புதைந்த கட்டிடம். ஓவிட் போனபோது இயந்திரம் நின்றிருந்தது. உள்ளே யாருமில்லை. இடது பக்கம் மரத்தூள் குவியல் ஒன்று, இளஞ்சிவப்பும் பழுப்புமாக, திறந்து கிடந்தது. வலது பக்கக் குவியல்மேல் நீலத் தார்ப்பாய்.

தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார். மூக்கைக் கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை. வாசம் தானாக வந்து முகத்தில் அடித்தது. வெளிர் மஞ்சள் தூள். ஸ்ப்ரூஸ்.

"மூடிடுங்க ஓவிட். ஈரம் ஏறிடும்."

கர்ட்டிஸ் பின்னால் நின்றிருந்தான். கையில் காபிக் கோப்பை. பயந்த மாதிரி தெரியவில்லை. அதுவும் ஓவிட்டுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன மரம் இது?"

"வாசம் பிடிச்சுட்டு என்னைக் கேக்கறீங்க."

"உன் வாயால கேக்கணும்."

"ஸ்ப்ரூஸ். மேல மரம் அறுக்கற மில்லுல இருந்து வருது. பட்டை இல்லாம, மண்ணு இல்லாம, சுத்தமான தூள்."

"எவ்வளவு கலக்கற?"

"பாதிக்குப் பாதி."

"பையில நூத்துக்கு நூறு கெட்டி மரம்னு போட்டிருக்க."

"ஆமா."

ஓவிட் காத்திருந்தார். மழுப்புவான், கதை சொல்வான் என்று நினைத்தார். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பெல்லட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டான்.

"ஒண்ணு முழு மேப்பிள். ஒண்ணு பாதி ஸ்ப்ரூஸ். எது எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

ஓவிட் உருட்டிப் பார்த்தார். சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்பதைச் சொல்லவுமில்லை.

"விறகுல நீங்க சொல்றது சரி," என்றான் கர்ட்டிஸ். "ஒரே அளவு கட்டைன்னா மேப்பிள் கனம், ஸ்ப்ரூஸ் லேசு. ஆனா நான் ரெண்டையும் அரைச்சு, காய வெச்சு, இரும்பு மாதிரி அழுத்திடறேன். மூட்டை எடை ஒண்ணுதான். பிசின் இருக்கறதால ஸ்ப்ரூஸ் இன்னும் கொஞ்சம் கூடவே சூடு தரும். சாம்பலும் கம்மி. கீல் பிடிக்கறது பச்சைக் கட்டையைக் காத்து இல்லாம புகைய விடறதால. இந்த அடுப்புல ஃபேன் ஓடுது. உங்களுக்கே தெரியுமே. குழாயைக் கழட்டிப் பாத்திருப்பீங்களே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க கழட்டாம இருப்பீங்களா?"

ஓவிட் பெல்லட்டைத் தரையில் போட்டார். "அவ்வளவு நல்ல சரக்குன்னா உள்ளதை எழுதி வித்திருக்கலாமே. எதுக்குப் பொய்?"

"எழுதினேன். முதல் மாசம் எழுதித்தான் கடையில வெச்சேன். ஒருத்தன் தொடல. எல்லாம் பையைத் திருப்பிப் படிச்சுட்டுத் திருப்பி வெச்சுட்டுப் போனாங்க. கிளப்புல ஒரு போர்டு இருக்குதாமே, அதைச் சொன்னாங்க." அவன் நேராகப் பார்த்தான். "அந்த போர்டு யார் எழுதினது ஓவிட்?"

வெளியே ஒரு லாரி போயிற்று. ஓவிட் வாசலைப் பார்த்தார்.

"நத்தாலிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அதையும் நம்பலாமா வேண்டாமா என்று ஓவிட் யோசித்துக்கொண்டே வண்டியை நோக்கி நடந்தார். கர்ட்டிஸ் பின்னாலிருந்து கேட்டான், "சொல்லப் போறீங்களா?"

"தெரியல."

"தெரிஞ்சா எனக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பெட்டி கட்டணும்ல."

கிண்டலா, கெஞ்சலா? வண்டிக் கண்ணாடியில் பார்த்தார். அவன் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தான்.

*

சனிக்கிழமை கிளப்பில் பீன்ஸ் சாப்பாடு. மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த பானையை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஊரே வந்திருந்தது. நத்தாலியும் கர்ட்டிஸும் கதவோரம் உட்கார்ந்திருந்தார்கள். கர்ட்டிஸ் யாரோ பிரெஞ்சில் சொன்ன ஜோக்குக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஓவிட் எழுந்து நின்றார். இரண்டு இரவாக ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வாளி நம்பரை மட்டும் சொல்லிவிட்டு உட்காரலாம். சொல்வது எதுவும் பொய்யில்லை. ஆர்டர் கிடைக்கும். மகள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருப்பாள். ஊருக்கும் நல்ல சூடு. யாருக்கு நஷ்டம்? உட்கார்ந்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தார்.

"மூணாம் நம்பர்," என்றார். "சூட்டுல முதல். சாம்பல் ரொம்பக் கம்மி. கண்ணாடி சுத்தம். தூள் இல்ல. எதுல பாத்தாலும் மூணாம் நம்பர்தான். ரெண்டாவது, ஒண்ணாம் நம்பர். அது ரொம்பக் கீழ."

உட்கார்ந்தார். கைதட்டினார்கள். ரீட்டா எழுந்து, அப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, "மூணாம் நம்பர் கர்ட்டிஸ் பிங்கம்," என்றாள்.

கைதட்டல் தொடர்ந்தது. ஆனால் சத்தம் மாறியது. சிலர் நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்தார்கள். கான்ராட் தாடையைச் சொறிந்தான்.

"அடேயப்பா," என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எரிச்சது ஓவிட் கை. எரிஞ்சது ஓவிட் மருமகன் சரக்கு. அடுப்புக்குக்கூடச் சொந்தக்காரன் வாசம் தெரியும் போல."

சிரித்தார்கள். விளையாட்டுச் சிரிப்புத்தான். ஆனால் பின்வரிசையில் ஒருவன் சிரிக்காமல், "ரீட்டாவும் பெர்னடெட்டும் ஒண்ணாத்தானே சர்ச்சுக்குப் போறாங்க," என்றான். ரீட்டா கரண்டியை அவனை நோக்கி நீட்டி, "இன்னொரு தரம் சொல்லு, பீன்ஸ் பானைக்குள்ள உன் தலையை விடறேன்," என்றாள். அதற்கும் சிரித்தார்கள். முன்னைவிடக் குறைவாக.

ஓவிட் மறுபடி எழுந்தார்.

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் எழுந்திருப்பாரா என்பது பிறகு அவருக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. நேர்மைக்காக எழுந்ததாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. தன் பெயர் கெட்டுப்போகிறது என்றுதான் எழுந்தார்.

"சொந்தக்காரன் சரக்குன்னு நான் தூக்கி விட்டேன்னு நெனைக்கறவன் கேட்டுக்கோ," என்றார். "மூணாம் நம்பர்ல பாதி ஸ்ப்ரூஸ்."

பானைமூடி ஒன்று யார் கையிலிருந்தோ மேசையில் விழுந்தது.

"பையில கெட்டி மரம்னு போட்டிருக்கான். பொய். நானே ஆலையில போய்ப் பாத்தேன். அவனும் ஒத்துக்கிட்டான்." கதவோரம் பார்க்காமல் சொன்னார். "ஆனா நான் சொன்ன சூடு நிஜம். சாம்பல் நிஜம். என் வீட்டுப் புகைக்குழாயைக் கழட்டிப் பாத்தேன். கீல் ஒரு பொட்டு இல்ல. விறகுக்கு எழுதின சட்டத்தை நாம பெல்லட்டுக்குப் போட்டு வெச்சிருக்கோம். இந்த போர்டு தப்பு. எழுதினவன் நான்."

யாரும் பலகையைப் பார்க்கவில்லை. எல்லாரும் கர்ட்டிஸைப் பார்த்தார்கள்.

"ஸ்ப்ரூஸா!" என்றாள் ஒரு கிழவி, நாய் கக்கியதை மிதித்த மாதிரி.

"ஆல்சிட் வீட்டை மறந்துட்டியா ஓவிட்?"

"தெற்கத்திக்காரன் புத்தி."

"சூடு வந்தா போதுமா? நாளைக்கு வைக்கோலை அழுத்திக் குடுப்பான், அதையும் எரிப்பியா?"

கான்ராட் மேசையைத் தட்டினான். ஓட்டு எடுத்தார்கள். ஒன்றாம் நம்பர். சூடு குறைவு, சாம்பல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் முழுக்கக் கெட்டி மரம். மூணாம் நம்பருக்குத் தூக்கின கை ரீட்டாவுடையது ஒன்றுதான். "நான் சாம்பல் அள்ளறவ," என்றாள்.

ஓவிட் கை தூக்கவில்லை. எரிக்கிறவருக்கு ஓட்டு கிடையாது, அது விதி. கதவோரம் திரும்பியபோது இரண்டு நாற்காலியும் காலி. பெர்னடெட் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவர் முன்னால் வைக்காமல், வேறு மேசையில் போய் உட்கார்ந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை நத்தாலி வரவில்லை. திங்களும் வரவில்லை. எதிர்வீட்டுச் சமையலறை விளக்கு எரிந்தது, அணைந்தது. பெர்னடெட் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓவிட் வாசல் ஜன்னலருகே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். எதிர்வீட்டுச் சாமான் ஏற்ற வாடகை லாரி வருகிறதா என்று பார்த்தார் என்பதுதான் உண்மை.

லாரி வரவில்லை. பிக்கப் வண்டிகள் வந்தன.

முதலில் போனது கான்ராட்டின் சிவப்பு வண்டி, ஆலைப் பக்கமாக. அந்த ரோட்டில் ஆலையைத் தாண்டினால் அறுவடை முடிந்த வயல்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. பின்னால் பழைய கூடாரத் துணி போட்டு மூடி, கயிற்றால் கட்டியிருந்தது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, டயர் மட்கார்டை முத்தமிட்டுக்கொண்டிருந்தது. இறகு ஏற்றினால் ஒரு வண்டி இப்படி உட்காராது.

ஓவிட் நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்தார்.

மதியம் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை வந்தவன், கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ரீட்டாவைக் குத்திப் பேசியவன். ஸ்ப்ரூஸா என்று முகம் சுளித்த கிழவியின் மகன், சுற்றுவழியாக வந்து சுற்றுவழியாகவே போனான். எல்லாம் மூடிக் கட்டின வண்டிகள். எல்லாம் பின்பக்கம் தாழ்ந்தவை. ஒருத்தனும் ஹாரன் அடிக்கவில்லை, கை காட்டவில்லை.

புதன்கிழமை ஓவிட் வண்டியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். கான்ராட் இரண்டாவது நடைக்கு வந்திருந்தான். ஓவிட்டைப் பார்த்ததும் தூக்கின மூட்டையைக் கீழே போட்டான். எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"என் கொட்டகைக்கு," என்றான். "வீட்டுக்கு இல்ல. கொட்டகையில எது எரிஞ்சா என்ன?"

"உன் கொட்டகையில அடுப்பே கிடையாதேடா."

"வாங்கப் போறேன்." கான்ராட் எழுந்து துணியை இழுத்து மூட்டையை மூடினான். "நீ யார்கிட்டயும் சொல்ல வேணாம். கிளப்புல நான் தலைவன். புரியுதா?"

"ஓட்டுப் போட்டதும் நீதானே?"

"ஓட்டு வேற, வீடு வேற." அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கிடங்கு வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளை ஓவிட் பார்த்தார். வெற்றுப் பைகள். மேப்பிள் இலை இல்லை, எழுத்தே இல்லை.

கர்ட்டிஸ் வெளியே வந்தான். பின்னால் நத்தாலி, தலையெல்லாம் தூள், கையில் மூட்டை தைக்கிற மெஷின். அவரைப் பார்த்துவிட்டுத் தைப்பதைத் தொடர்ந்தாள்.

"உள்ளதை எழுதலையா?" என்றார் ஓவிட்.

"எழுதினேன்," என்றான் கர்ட்டிஸ். "பாதி ஸ்ப்ரூஸ்னு. முதல்ல வந்தவரே அந்தப் பையில வேணாம்னுட்டார். கொட்டகையில யாராவது பாத்துடுவாங்களாம். பழைய பையில குடுன்னார். இனிமே பொய்ப் பையில குடுக்க மாட்டேன்னேன். வெத்துப் பைக்கு ஒத்துக்கிட்டார்."

"கிளப் ஆர்டர் அளவு வருமா இதெல்லாம்?"

"வராது. பாதி வரும். முக்கால் வந்தாலும் வரலாம். வெளிய சொல்ல மாட்டேங்கறாங்களே, எப்படித் தெரியும்?"

ரிச்சர்டைப் பற்றிக் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மாசக் கடைசிக்கு இன்னும் நாளிருந்தது.

"எனக்கு வேணும்," என்றார். "வண்டி நிறைய."

நத்தாலி மெஷினை நிறுத்தினாள். "துணி கொண்டாந்திருக்கியா பப்பா, மூடறதுக்கு?"

"இல்ல."

"மூடாமலா போவ?"

"ஆமா."

அவள் மெஷினைக் கீழே வைத்தாள். மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவர் பிடித்தார். இரண்டு பேரும் ஏற்றினார்கள்.  மன்னிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் முனையைப் பிடித்தாள்.

கிளம்பும்போது ஓவிட் ஜன்னலை இறக்கி கர்ட்டிஸைக் கூப்பிட்டார். "இதுல எவ்வளவு ஸ்ப்ரூஸ்?"

"பாதி. சொன்ன மாதிரி."

"கூட்டலையே?"

"கூட்டினா உங்களுக்குத் தெரியாமலா போகும்?"

ஓவிட் தலையாட்டினார். ஊர் நடுவே மெதுவாக ஓட்டிப் போனார். அஞ்சலகத்துக்கு முன்னால் நின்றிருந்தவர்கள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

வீட்டில் ஒரு மூட்டையைப் பிரித்து, அதே வாளி அளவு தொட்டியில் கொட்டினார். பெர்னடெட் ஸ்வெட்டரைக் கழற்றினாள். எரிந்து முடிந்ததும் தட்டை உருவி, பிரஷ்ஷால் கூட்டி, சாம்பலை நிறுத்தார். கர்ட்டிஸ் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மறுநாளும் நிறுத்தார்.